ஊரை மாற்றியவள்

"இந்தத் தண்ணியில டீ போட்டா டீ மாதிரியா இருக்கு? கழுநீர் மாதிரி இருக்கு! எல்லாம் என் தலையெழுத்து... அந்த ஊர்ல ராணி மாதிரி இருந்தவளை இந்தப் புறாக்கூண்டுல கொண்டாந்து அடைச்சாச்சு!"

மாமியார் டம்ளரை 'ணங்'கென்று மேஜையில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை. மற்ற நாட்களில் மருமகள் வேலைக்குக் கிளம்புவதற்குள் திட்டி முடித்தாக வேண்டும். ஞாயிறன்று அந்த அவசரம் இல்லை. நிதானமாக, ஒன்று விடாமல் திட்டலாம்.

மருமகள் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கணவன் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். அம்மாவின் குரல் உயரும்போதெல்லாம் அவன் கையிலிருந்த பேப்பரும் முகத்துக்கு நேராக உயரும். இந்த ஊருக்கு வந்த ஒன்றரை வருடமாக இதுதான் வழக்கம்.

"வாயைத் திறக்கறாளா பாரு! அழுத்தக்காரி... பெத்த அப்பனைப் படுத்த படுக்கையா விட்டுட்டு, பெரிய ஊரு வேணும்னு கிளம்பினவதானே! கடைசியில அப்பன் மூஞ்சியப் பார்க்கக்கூடக் கொடுத்து வைக்கல. இவளா நாளைக்கு எனக்கு ஒரு வாய் கஞ்சி ஊத்தப் போறா?"

கத்தி நின்றது. ஒரு விநாடிதான். பிறகு மறுபடி நறுக்கத் தொடங்கியது. கூடத்தில் பேப்பர் இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

பழைய ஊரில் மருமகள் ஒரு சீருடை தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். பத்துப் பதினைந்து ஆண்கள் உட்கார்ந்து தைக்கும் இடத்தில் பெரிய மேஜையின் முன்னால் கத்தரியோடு நிற்பவள் அவள் ஒருத்திதான். "மாஸ்டர்! இந்தத் துணிக்கு அளவு சொல்லுங்க!" என்று வயதானவர்கள்கூட அவளிடம்தான் வருவார்கள். இந்த ஊர்ப் பெரிய ஃபாக்டரியில் வெட்டுவதற்கு மிஷின் இருந்தது. அவளுக்குக் கிடைத்தது, தைத்து வரும் சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைக் கத்தரிக்கும் வேலை. காலையிலிருந்து மாலை வரை நூல். பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூட அங்கே ஆளில்லை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். 'என் பையன் தொட்டா எந்த லிஃப்ட்டும் ஓடும்!' என்று மாமியார் பேசாத நாளில்லை. அதற்குக் காரணமும் இருந்தது. அவளைக் கட்டிய மனிதர் எதற்கெடுத்தாலும் பயந்து ஓடியவர். போன இடத்திலெல்லாம் வேலையை விட்டவர். "பயந்தாங்கொள்ளி பெண்டாட்டி" என்று சொந்தக்காரர்கள் அவள் முகத்துக்கு நேரே சொல்லிச் சிரித்தார்கள். அத்தனை அவமானத்துக்கும் பதிலாகத்தான் மகனை வளர்த்தாள். சிங்கம் என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தச் சிங்கம் ஒருநாள் அவசரத்தில் ஒரு தப்புச் செய்தது.

லிஃப்ட் வேலையின் முதல் பாடம், மேலே மெஷின் ரூமில் இருப்பவன் ஸ்விட்ச்சைப் போடுமுன் 'கீழே யாரு?' என்று குரல் கொடுக்க வேண்டும். பதில் வந்தால்தான் கை வைக்க வேண்டும். பதில் வராவிட்டால், சாப்பாட்டு நேரமானாலும் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். அன்று அவன் குரல் கொடுக்கவில்லை. கூட வேலை செய்தவன் டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தான். அந்தக் கூட்டாளி கீழே, கூண்டுக்கு அடியில் இருந்த குழிக்குள் குனிந்து நின்றிருந்தான்.

விசாரணையில் எதையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டான். வேலை போயிற்று. அந்த ஊரில் அந்தத் தொழிலில் இருந்த யாரும் அவனை வாசலில் சேர்க்கவில்லை. ஓர் இரவு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தவனை, சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டவள் மனைவிதான்.

"நாம வேற ஊருக்குப் போயிடலாங்க... உங்களை யாருக்கும் தெரியாத ஊரா பார்த்து. அங்க எல்லாம் ஒத்துவரும்."

"அம்மா ஏன்னு கேட்பாளே! அவளுக்கு மட்டும் தெரியக் கூடாது... தெரிஞ்சா நான் உயிரோட இருக்க மாட்டேன்!"

அவள்தான் போய்ச் சொன்னாள். கூடத்தின் நடுவில் நின்று, கண்ணைத் தாழ்த்தாமல் சொன்னாள். "எனக்கு இந்த ஊர் ஒத்துவரல அத்தை. பெரிய ஊருக்குப் போகணும்னு நான்தான் அவரைக் கேட்டேன்."

அவளுடைய அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார். தினமும் போய்க் குளிப்பாட்டி, ஊட்டி விட்டு வருவாள். அவர் ஊரை விட்டு வர மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைக்கலாம். இவனைப் பார்த்துக்கொள்ள யாரை வைப்பது? அவள் இவனோடு வந்தாள். நாலே மாதம்... தகவல் கேட்டு அவள் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கட்டிலைக்கூட எடுத்துவிட்டார்கள்.

இந்த ஊரில் அவனுக்கு ஒரு கிடங்கில் சாமான்களைக் கணக்குப் பார்க்கும் வேலை. அம்மாவிடம் மட்டும், "பத்து லிஃப்ட்டுக்கு நான்தான் பொறுப்பு" என்று சொல்லி வைத்திருந்தான். வீடு நாலாவது மாடி. படியேறித்தான் போவான், வருவான். "உடம்புக்கு நல்லதும்மா" என்பான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, டீயைப் பாதியில் வைத்துவிட்டு, மூச்சுத்திணறலுக்கு மாத்திரை வாங்குகிறேன் என்று மாமியார் கீழே இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் செக்யூரிட்டி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"அம்மா லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டாங்க சார்! கம்பெனிக்குப் போன் பண்றேன்னா வேணாங்கறாங்க. 'என் பையன் இதுல ராஜா, ஊரான் எதுக்கு? அவனைக் கூப்பிடு'ன்னு ஒரே பிடிவாதம்!"

வெங்காயம் உருண்டு கீழே விழுந்தது. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பழைய கட்டடம், கம்பிக் கதவு போட்ட லிஃப்ட். மூன்றாம் மாடித் தரைக்குக் கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம் கீழே நின்றுபோயிருந்தது. கம்பிகளுக்குப் பின்னால், தரையோடு தரையாக, மாமியாரின் முகம் தெரிந்தது. வியர்த்துக் கொட்டியிருந்தது. ஆனாலும் மகனைப் பார்த்ததும் சிரித்தாள்.

"வந்துட்டியாடா சிங்கம்! நான் சொன்னேன்ல... என் பையன் இருக்கறப்ப எனக்கென்ன பயம்? சீக்கிரம் எடுடா, காத்தே இல்ல."

செக்யூரிட்டி மெஷின் ரூம் சாவியை நீட்டினார். படிகள் முடியும் இடத்தில்தான் அந்த அறை. போய் மெயினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றினால் கூண்டு மேலே வந்துவிடும். அவன் எத்தனையோ தடவை செய்த வேலை. சாவியை வாங்கினான். மூன்று படி ஏறினான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவள் செக்யூரிட்டியிடம் மெல்ல, "கம்பெனிக்குப் போன் பண்ணுங்கண்ணே. உடனே!" என்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, மாடிக் கதவு, கூண்டுக் கதவு இரண்டின் கம்பி இடுக்கு வழியாகவும் கையை உள்ளே நீட்டினாள்.

"கையைப் பிடிச்சுக்குங்க அத்தை. ஒண்ணும் ஆகாது. மெதுவா மூச்சு விடுங்க..."

"உன் கை எனக்கெதுக்கு?" மாமியார் தட்டிவிட்டாள். "உன்னாலதானே இந்தக் கூண்டுல சாகறேன்! அங்க நம்ம வீட்டுல நாலு மாடியா, லிஃப்ட்டா? நீ ஆசைப்பட்ட ஊருடி இது! அப்பனை முழுங்கினது போதாதுன்னு இப்ப என்னையும்..."

"கையை எடு!" படியிலிருந்து ஓர் அலறல். "கையை எடுடீ! கரண்ட் இருக்கு... கூண்டு நகர்ந்தா கை போயிடும்! எடு!"

"நீங்க போய் மெயினை அணைங்க, எடுக்கறேன்."

"என்னால முடியல! அந்த ரூமுக்குள்ள என்னால போக முடியல!" தலையில் அடித்துக்கொண்டான். "அம்மா... அவளைத் திட்டாதேம்மா! ஊரை மாத்தினவ அவ இல்ல... நான்! நான் ஒருத்தனைக் கொன்னுட்டேம்மா!"

"ஏங்க, வேணாம்! இப்ப வேணாம்... அவங்களுக்கு மூச்சு முட்டுது!"

"இப்ப சொல்லலேன்னா எப்பவும் சொல்ல மாட்டேன்!" அவன் நிறுத்தவில்லை. கூட்டாளி, குழி, குரல் கொடுக்காமல் போட்ட ஸ்விட்ச், மொட்டை மாடிச் சுவர்... எல்லாவற்றையும் கொட்டினான். "என்னைத் தனியா விட பயந்துதான் அவ அப்பாவை விட்டுட்டு வந்தா. நீ தினம் தினம் அவளைக் குத்தினே... நான் பேப்பரைத் தூக்கி மூஞ்சிய மறைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நான் சிங்கம் இல்லம்மா... நான் அப்பா பிள்ளைதான்!"

கூண்டுக்குள் சத்தமே இல்லை.

"அத்தை! அத்தை, ஏதாவது பேசுங்க! திட்டுங்க அத்தை... என்னைத் திட்டவாவது செய்யுங்க!" கம்பியில் முகத்தை வைத்து அவள் கத்தினாள். கையை மட்டும் எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, உள்ளேயிருந்து வியர்த்த விரல்கள் அந்தக் கையைப் பற்றின. கம்பெனி மெக்கானிக் ஓடிவந்து, "யாரும்மா அது? கையை வெளியே எடுங்க முதல்ல!" என்று அதட்டுகிற வரைக்கும் அந்தப் பிடி தளரவில்லை.

வெளியே வந்த மாமியார் மகனைத் தாண்டித்தான் படியேறினாள். அவன் பக்கம் திரும்பவில்லை. வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஞாயிறுதோறும் பேசும், கட்டிக்கொடுத்த மகளிடமிருந்து போன் வந்தது. அந்தப் பக்கத்திலிருந்து, "என்னம்மா, இன்னிக்கு என்ன பண்ணினா உன் மருமக?" என்ற குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"அவளைப் பத்தி இனிமே ஒரு வார்த்தை பேசினே... எனக்குப் பொண்ணே இல்லன்னு நினைச்சுப்பேன்." போனை வைத்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"ஏன்டி... ஏன்டி ஒரு வார்த்தை சொல்லல? நான் பேசின பேச்சுக்கு என் நாக்கு அழுகிப் போகணும்! என்னை அடிச்சிருக்கலாமே! இப்படிக் கல்லு மாதிரி நின்னுட்டியே பாவி..." மருமகளின் தோளில் முகத்தைப் புதைத்துக் குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

மருமகளின் கைகள் உயரவில்லை. அணைக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். முடியவில்லை.

"நீங்க கேட்டிருக்கலாமே அத்தை..." குரல் தாழ்ந்துதான் வந்தது. "எங்க அப்பாகூட எனக்கு எவ்வளவு ஒட்டுதல்னு உங்களுக்குத் தெரியும். அவரை விட்டுட்டு இவ ஏன் வர்றான்னு ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாம். நீங்க திட்டத்தான் செஞ்சீங்க. கேட்கவே இல்லையே..."

மாமியார் தரையில் கிடந்த வெங்காயத்தை எடுத்து மேடையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

மறுநாள் காலை மருமகள் ஒரு பையில் துணிகளை எடுத்து வைத்தாள். கணவன் கதவருகே நின்றான். கண்கள் வீங்கியிருந்தன.

"எங்களை விட்டுட்டுப் போறியா?"

"எங்க அப்பா வீட்டுக்குப் போறேங்க. அது இன்னும் பூட்டித்தான் கிடக்கு."

"திரும்பி..."

"தெரியலைங்க. பொய் சொல்லிப் பழகியாச்சு. இதுலயாவது உண்மையச் சொல்லிடறேன்."

மாமியார் பதறிக்கொண்டு வந்தாள். "என் மேல கோபத்துலயா போறே? கால்ல வேணா விழறேன்டி அம்மா..."

"ஐயோ, கோபம் இல்ல அத்தை." முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. "அப்பா போனப்ப நான் அழல. அழுதா இவர் உடைஞ்சு போயிடுவாரேன்னு பயந்தேன். அப்புறம் உங்க முன்னாடி அழுதா, நான் தப்புப் பண்ணினதா ஆயிடுமேன்னு பயந்தேன். இந்த வீட்டுல நான் உக்காந்து அழ ஒரு இடம் இல்ல அத்தை. எங்க அப்பாவுக்காக அழணும்... அவ்வளவுதான்."

மாமியார் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் கழுத்துச் சங்கிலியில் கோத்திருந்த ஒரு சாவியைக் கழற்றி, மாமியாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மொட்டை மாடிக் கதவுச் சாவி. துணி காயப்போடன்னு சொல்லி செக்யூரிட்டிகிட்டேயிருந்து வாங்கி வச்சிருக்கேன். யார் கேட்டாலும் கொடுக்காதீங்க. ராத்திரி அவர் எழுந்தா நீங்களும் எழுந்துக்கணும். தண்ணி குடிக்கத்தான் எழுந்திருப்பார்... இருந்தாலும் எழுந்துக்கணும்."

"தினமுமா?"

"தினமும்தான் அத்தை."

மாமியார் சாவியைப் பார்த்தாள். மருமகளின் கண்களுக்குக் கீழே கறுத்துக் கிடந்த வளையங்களைப் பார்த்தாள். 'ராத்திரியெல்லாம் என்னதான் பண்ணுவாளோ, பகல்ல தூங்கி வழியறா' என்று எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! போகாதே என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"போ..." என்றாள். "போய் நல்லா அழு தாயி. நான் முழிச்சிருக்கேன்."

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மாமியார் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலியை மகனின் அறை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.