உறையாத வரை

இன்ஸ்பெக்டரின் செல்போன் அலறியது.

தங்கை.

"அண்ணா... பல் தேய்ச்சேன். ரத்தம் நிக்கவே மாட்டேங்குது."

"வேற என்னம்மா பண்ணுது?"

"தொட்ட இடமெல்லாம் நீலமா கன்னிப் போகுது."

இரண்டு முறை கரு கலைந்தவள் அவள். அப்போதிலிருந்தே இன்ஸ்பெக்டருக்கு அவள் புருஷன் மேல் சந்தேகம்.

ஜீப் பறந்தது.

சமையலறையில் மாப்பிள்ளை அக்கறையாகப் பால் ஆற்றிக்கொண்டிருந்தான்.

"வாங்க மச்சான். பால் சாப்பிடறீங்களா?"

"நீங்க சாப்பிடுங்க மாப்பிள்ளை. அவளுக்கு ஆத்துன அதே பாலை."

மாப்பிள்ளையின் முகம் பேயறைந்தது போல் ஆனது.

சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால்... எலி விஷம்!

பளார் என்று ஓர் அறை.

"ஏன்டா?"

"குழந்தை தங்கல... இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம்னு. கொஞ்சங் கொஞ்சமா கொடுத்தா சந்தேகம் வராதுன்னு நெனச்சேன்."

அவனுக்குக் கைவிலங்கு மாட்டிய கையோடு இன்ஸ்பெக்டர் தங்கையைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

"எலி விஷம் ரத்தத்தை உறைய விடாது சார்," என்றார் டாக்டரம்மா. "முறிக்க ஊசி இருக்கு. ஆனா ரெண்டு தடவை கரு கலைஞ்சிருக்கே... ஒரு டெஸ்ட் பார்த்துட்டு மெதுவா..."

"அவ வாயெல்லாம் ரத்தம் டாக்டர். டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு இழுக்காம இப்பவே போடுங்க."

போட்டார்கள்.

ரத்தம் நின்றது.

"நீ இல்லேன்னா நான் செத்தே போயிருப்பேண்ணா," என்று தங்கை சிரித்தாள். இன்ஸ்பெக்டருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரக் கடைசியில் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள்.

"குடலை முறுக்குதுண்ணா..."

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டரம்மா தொங்கிய முகத்தோடு வந்தார்.

"குடல்லேர்ந்து ரத்தம் திரும்புற குழாய் பூரா உறைஞ்சு அடைச்சிருக்கு. குடல் கறுத்துப் போச்சு. இனிமே எங்க கையில எதுவும் இல்ல சார்."

"விஷத்தைத்தான் முறிச்சாச்சே டாக்டர்?"

"அதனாலதான். அன்னிக்கு எடுத்த டெஸ்ட் ரிசல்ட் இன்னிக்குத்தான் வந்துச்சு. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே தப்பாப் போய் ரத்தத்தை உறைய வைக்கிற நோய் இவங்களுக்கு. கரு கலைஞ்சதும் அதாலதான். இந்த நோய்க்கு நாங்க கொடுக்கற மாத்திரையும் அந்த எலி விஷமும் ஒரே வகை சார். கொல்லக் கொடுத்ததுதான் இவ்வளவு நாளா உயிரோட வெச்சிருந்துது."

"நான்தானே அவசரப்படுத்தினேன்..."



சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காக்கிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து இன்ஸ்பெக்டர் வாய்விட்டு அழுதார்.

மறுநாள் ஜெயில்.

"அவ செத்துட்டாடா. இனி உன் மேல கொலை கேஸ்."

மாப்பிள்ளை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"வக்கீல் எல்லாத்தையும் சொல்லிட்டாரு மச்சான். கொலை முயற்சின்னு போட்டீங்களே, அதுவே இருக்கட்டும். முயற்சி என்னுது. முடிச்சு வெச்சது நீங்க."