வாளின் மேல் ஒரு படலம்

சேதுராமன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வாய்க்கு நேரே பிடித்து, ஹா என்று ஊதி, வேட்டி முனையால் துடைத்து மாட்டிக்கொண்டார். காஜா பெராங் தெரு வீட்டில் தினமும் நடப்பதுதான். பூங்காவனம் கணவரின் காப்பியை மேசையில் வைத்தாள். பிறகுதான் அவர் சாக்கைப் பிரித்தார்.

ஊருக்குத் திரும்பும் ஒரு தோட்டத் துரையின் சுவரிலிருந்து இறங்கிய வாள் அது. மெர்டேக்கா என்ற சுதந்திர நாளுக்காகப் பண்டார் ஹிலிர் தெருக்களில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். துரைமார் விற்றுவிட்டுப் போகும் பழைய வாள்கள் சுத்தம் செய்ய அவரிடம்தான் வந்தன.

"சுதந்திரத்தோட அழுக்கையும் சேத்துத்தான் கொடுக்கறாங்க" என்று சிரித்தார்.

மேலே என்ன பூசியிருக்கிறது என்று தெரியாமல் அவர் இரும்பைத் தொடமாட்டார். மண்ணெண்ணெய்த் துணிக்குக் கரைந்தால் கொழுப்பு. ஸ்பிரிட்டுக்குக் கரைந்தால் அரக்கு. கடைசியில் ஊதிப் பார்ப்பார். வெறும் இரும்பில் மூச்சின் ஈரம் சட்டென்று மறையும். பூச்சு மிச்சமிருந்தால் சற்று நிற்கும்.

கறுத்த கொழுப்பு வந்தது. அடியிலிருந்த செவ்வரக்கும் வந்தது. மழை தகரக் கூரையில் கொட்ட, மண்ணெண்ணெய் நாற்றமும் ஸ்பிரிட்டின் காட்டமும் அடைத்துக் கிடந்த அந்த முன்னறையில், இரண்டுக்கும் அடியிலிருந்து, வெகுநாள் பட்டினி கிடந்த வாயின் வாடை மெல்லக் கிளம்பி வருவதைப் பூங்காவனம் உணர்ந்தாள். அவர் குனிந்து ஊதினார். வாயகலத்துக்கு ஒரு வெண்மை படிந்தது.

மறையவில்லை.

துடைத்தார். திரும்பவும் வந்தது. மறுபடி ஊதினார். ஒவ்வோர் ஊதலுக்கும் அவர் மூச்சு வாங்கும் நேரம் நீண்டது. உதடுகள் சாம்பல் பூத்தன.

"போதுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இன்னும் ஒரு படலம் இருக்கு. எதுவரைக்கும்னு மட்டும் பாத்துடறேன்."

கண்ணாடி வியர்வையில் வழுக்கியது. கழற்றி ஊதினார். அதில் ஒன்றும் படியவில்லை. இன்னொரு முறை ஊதினார். கண்ணாடி தெளிவாகவே இருந்தது.

"பூங்கா, எனக்கு மூச்சு வருதா பாரு."

மூக்கின் கீழே புறங்கையை வைத்தாள். அவர் மார்பு ஏறியது. இறங்கியது. கையில் காற்றுப் படவில்லை.

வாளைப் பிடித்து இழுத்தாள். அவர் விரல்கள் விடவில்லை. மார்பு ஏறியது.

இறங்கவில்லை.

மழை விட்டது. மேசையில் வாள். யாரும் ஊதவில்லை. வெண்மை விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

காரியம் முடிந்தபின், பக்கத்து வீட்டுச் செட்டிப் பெண் சிவகாமி வந்தாள். வாளை ஒருமுறைதான் பார்த்தாள். பாதி மலாயும் பாதித் தமிழுமாக, "துத்துப் பாலிக் லா, பூங்கா. அரக்கு பூசு" என்றாள். பழையபடி மூடிவிடச் சொன்னாள்.

பூங்காவனம் அரக்கைக் காய்ச்சினாள். தூரிகையை அதில் தோய்த்து எடுத்தாள். அவர் மூக்கையும் வாயையும் பொத்துவது போலிருந்தது. அரக்கு தூரிகையிலேயே இறுகியது.

வாள் அதே மேசையில் இருக்கிறது. வெண்மை விரிகிறது, சுருங்குகிறது. நடுவே, அவர் தூக்கத்தில் மூச்சு இழுக்கும்போது வருமே, அந்தச் சின்னத் தடுக்கலோடு.