உள்ளே ஒரு பொட்டு ஊதா

காய்ச்சலில் விழுந்து, ஆஸ்பத்திரியில் பிழைக்கமாட்டார் என்று சொல்லப்பட்டு, பிழைத்து வீடு திரும்பிய மனுஷர் இருமவில்லை. அதுதான் முதலில் அவர் மனைவியை உறுத்தியது. காலமெல்லாம் கல்தூசியைச் சுவாசித்த நெஞ்சு அது. விடிந்தால் குளியலறையில் தகர வாளியை உருட்டுகிற மாதிரி இருமுவார். இப்போது குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.

தங்கச்சி போனில் சிரித்தாள். "புருஷனுக்கு இருமல் நின்னுபோச்சேன்னு அழுறவ உலகத்துலேயே நீ ஒருத்திதான்க்கா. மாமாவை மாத்திக் குடுத்துட்டாங்கன்னு ஆஸ்பத்திரியில போய்ச் சண்டை போடேன்."

"சும்மா இருடி." அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கண்ணுகளா, இந்த இடத்தில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவளும் அவரும் பழைய வீடுகளின் ஏலத்தில் தேடித் தேடி வாங்கியது ஒரே ஜாதிக் கற்களைத்தான். மண்ணுக்கடியில் ஊதாக் கல் ஒன்று பகடைக்காய் போல விளைந்து கிடக்கும். கசிகிற தண்ணீர் அதைத் துளித்துளியாகக் கரைத்து எடுத்துக்கொண்டு, எடுத்த இடத்தில் பளிங்கை வைத்துவிட்டுப் போகும். அதே விளிம்பு, அதே கீறல். உள்ளே இருப்பது வேறு. வேஷக்கல் என்று இருவரும் அதற்குச் செல்லப் பேர் வைத்திருந்தார்கள். ஏதோ ஒன்றிரண்டில் மட்டும், நட்டநடுவே, பொட்டளவு ஊதா கரையாமல் மிஞ்சியிருக்கும். அப்படி ஒன்று கிடைத்துவிட்டால் அன்றைக்கு அடுப்புப் பற்றவைக்க மறந்து ஜன்னலோரமே உட்கார்ந்திருப்பார்கள்.

வந்தவர் அந்த அலமாரிப் பக்கமே போகவில்லை. அவளே ஒரு கல்லைக் கொண்டுவந்து கையில் வைத்தாள். "நல்லாயிருக்கும்மா" என்றார், அடுத்த வீட்டுக் குழந்தையைச் சொல்கிற மாதிரி. காதோர மச்சம் இருந்தது. ஓரம் உடைந்த முன்பல் இருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்தால் இப்போது கட்டில் கனம் தாங்காமல் முனகியது. பக்கத்தில் படுத்தால் வியர்வை வாசனை இல்லை, நனைந்த பாறையின் வாசனைதான் வந்தது. எதைக் கேட்டாலும் "உன் இஷ்டம்" என்றார். ஒருநாளும் அவள் இஷ்டத்துக்கு விட்டவரில்லை. அந்தச் சண்டைக்காக அவள் ஏங்கிப்போனாள்.

"என்னங்க, என் மேல கோபமா?"

"கோபம் எதுக்கு?" வழுவழுப்பாக வந்தது பதில்.

ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது. அறை சாம்பலாக மங்க, அவர் மல்லாந்து படுத்திருந்தார். பொட்டளவாவது இருக்காதா என்றுதான் அவள் நினைத்தாள். மெல்லச் சாய்ந்து நெஞ்சில் காதை வைத்தாள். பனியனைத் தாண்டிக் கன்னம் சில்லிட்டது. ஓட்டில் மழை. அதற்குக் கீழே, நெஞ்சுக்குள், துடிப்பு இல்லை.

சொட்டு.

சொட்டு.

அதற்கும் கீழே, எங்கோ ஆழத்தில்—

"ஏய்... லைட்டப் போடேன். ஒண்ணுமே தெரியல."

அவர் குரல். அதே எரிச்சல்.

"இருக்கேங்க," என்றாள் விலாவெலும்பிடம். "இங்கதான் இருக்கேன்."

"எங்க? கையக் குடு."

கையை வைத்து அழுத்தினாள். கெட்டி. பிறாண்டினாள். நகம் முறிந்தது. கல்லை உடைத்தால் ஊதாவும் சேர்ந்து உதிர்ந்துபோகும். அவர்கள் ஒன்றைக்கூட உடைத்ததில்லை.

"கையக் குடுடி..."

சொட்டு.

"கை..."

தலைக்கு மேலே மூச்சு மாறியது. அவள் நிமிரவில்லை. கனமான கை ஒன்று இறங்கி அவள் கூந்தலைக் கோதியது. ரொம்பப் பிரியமாக. பிறகு அவள் தலையை அப்படியே நெஞ்சோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டது.

"நல்லாக் கேட்டுக்கோம்மா," என்றது மேலே இருந்த வாய். "இன்னும் கொஞ்சந்தான் மிச்சம்."