இடது காதில் ஓர் இரைச்சல்

பல் துலக்கி முடித்ததும் திருமூர்த்தி தினமும் செய்வதுபோலக் காதைத் துலக்கினான். கண்ணாடி முன் நின்று வலது காது மடலை இரண்டு விரலால் பிடித்து லேசாக இழுத்ததும் உள்ளே இருந்த செவித்துகள் விழித்துக்கொண்டது. "இன்று எதைக் குறைக்கட்டும்?" என்று கேட்டது. "எப்பவும் போல," என்றான். கோயம்புத்தூரில் அந்த நேரத்தில் அநேகமாக எல்லோரும் தத்தம் குளியலறையில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 'எப்பவும் போல' என்றால் என்ன என்று மட்டும் யாரும் துகளிடம் கேட்டதில்லை.

செவித்துகள் அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். குழந்தைக்குக் காது குத்தும் அன்றைக்கே உள்ளேயும் ஒன்றை வைத்துவிடுவார்கள். அதன் பிறகு லாரி ஹாரன், தேர்தல் ஒலிபெருக்கி, பக்கத்து வீட்டுச் சண்டை எதுவும் இரண்டு காதுகளுக்குள்ளும் நுழையாது. ஆள் எதைக் காதுகொடுத்துக் கேட்கிறான், எதைக் கேட்பதில்லை என்று மூளையைக் கவனித்துக் கவனித்துத் துகள் தானாகவே கற்றுக்கொள்ளும். எதிரே பேசுகிறவர் பதிலுக்காக நிறுத்தினால் மட்டும் உள்ளே லேசாகக் குறுகுறுக்கும். குறுகுறுத்தால் "ம்" என்று சொல்லிவிட வேண்டியதுதான். இதனால் குடும்பச் சண்டைகள் வெகுவாகக் குறைந்துவிட்டதாக அரசாங்கம் சொன்னது. அது பொய்யுமில்லை.

திருமூர்த்தியின் வீட்டில் சண்டை அறவே இல்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது.

சிங்காநல்லூரில் பம்புசெட்டுகளுக்குத் தரச்சான்று கொடுக்கிற வேலை அவனுக்கு. ஒன்றில் பழுது தெரியவில்லையென்றால் பழுது ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வான். மனைவி சம்பூரணம் விதை ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்தாள். எந்திரங்களின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் தெரிய வேண்டும் என்பதால் அவளுடைய துகளை எதையும் குறைக்காமல் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அன்று காலை தோசை வார்த்துக்கொண்டே அவள் வெகுநேரம் உதட்டை அசைத்தாள். அவன் காதில் விழுந்தது, "தோசை ஆறுதுங்க," என்பது மட்டும்.

தோசை ஆறுகிறது என்று சொல்ல இத்தனை நேரமா ஆகும்?

அன்றிலிருந்து உதடுகளைக் கவனிக்க ஆரம்பித்தான். அவள் பேசுவது முழம், தனக்கு வருவது சாண் என்று தெரிந்தது. போதாக்குறைக்குப் பரண்மேல் கிடந்த பெரிய சூட்கேஸ் கீழே இறங்கிப் படுக்கையறை மூலையில் நின்றது. கேட்டதற்கு அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள், அவன் காதுக்கு வந்தது, "தூசி தட்டி வெச்சிருக்கறனுங்க." தன்னைத் திட்டுகிறாளோ, துகள் அதை மறைக்கிறதோ என்று நினைத்தான். விட்டுப் போகப் போகிறாளோ என்றும் நினைத்தான். அவளில்லாத வீட்டை அவனால் கற்பனை செய்யவே முடியவில்லை.

துகள் நிறுவனத்தைக் கூப்பிட்டான்.

"என் பொண்டாட்டி பேசறதுல என்னத்தை வெட்டறீங்க?"

"நாங்கள் எதையும் சேர்ப்பதில்லை ஐயா. நீங்கள் கேட்காததை மட்டுமே நீக்குகிறோம்," என்றது தேன் தடவிய குரல்.

"நான் என்ன கேக்கறனோ, கேக்கலையோ, அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உங்களைவிட நன்றாகத் தெரியும் ஐயா."

மழுப்புகிறார்கள் என்று முடிவுகட்டினான் திருமூர்த்தி. துகளைக் கழற்ற ஆறு துறைகளின் அனுமதி வேண்டும். ஆனால் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. துகள் வந்த புதிதில், பாடகர் மூச்செடுக்கும் சத்தத்தைக்கூட இது துடைத்துவிடுகிறது என்று பழைய பாட்டுப் பிரியர்கள் கொடிபிடித்தார்கள். அவர்களுக்காகக் கொண்டுவந்ததுதான் இசைவிலக்கு. பழைய ரேடியோவில் பல்புபோல ஒளிருமே, அந்தக் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயரோடு ஹெட்போனை இணைத்து மாட்டினால், அந்த வால்வின் அதிர்வை உணர்ந்து துகள் தானாக அடங்கிவிட வேண்டும். வால்வுக்குள் இருப்பது சூடான கம்பியும் வெற்றிடமும்தான். அதற்கு எந்த நிறுவனமும் உத்தரவு போட முடியாது.

கட்டி முடித்த ஆம்ப்ளிஃபயர் கடையில் கிடைத்தது. உள்ளே என்ன வைத்திருக்கிறார்களோ, யார் கண்டது? திருமூர்த்தி பாகங்களாக வரும் கிட்டைத்தான் வாங்கினான். பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தான். அதன்மேல் இருக்கும் வண்ணக் கோடுகள் சொல்கிற மதிப்பை அவன் நம்பவில்லை. பிறகு மல்டிமீட்டரையே நம்பாமல் வேலைபார்க்கும் இடத்திலிருந்து இன்னொன்று கொண்டுவந்து பார்த்தான். இரண்டும் ஒத்துப்போனபோது இரண்டும் ஒரே ஆலையில் செய்தவையோ என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான்.

"இதென்னங்க இது?" என்று சம்பூரணம் கேட்டாள்.

"பழைய பாட்டுக் கேக்கலாம்னுதான்."

அவள் முகம் மலர்ந்தது. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். அவன் வால்வுத் தாங்கியின் காலில் ஈயத்தை உருக்கிக்கொண்டிருந்தான். அந்த வேலையில் கை நடுங்கினால் ஈயம் மேலாக ஒட்டிக்கொண்டு உள்ளே பிடிக்காமல் நிற்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், பிறகு காலை வாரிவிடும். "டீ வெச்சிருக்கறனுங்க," என்று காதில் விழுந்தது. காது குறுகுறுத்தது. "ம்," என்றான்.

அப்படியே நாட்கள் போயின. ஒரு கெப்பாசிட்டரைத் தலைகீழாக மாட்டியதில் அது பட்டாசுபோல வெடித்து, சாம்பார்க் கிண்ணத்தில் விழுந்தது. யாரோ கிட்டைக் கெடுத்துவிட்டார்கள் என்று அதற்கும் சந்தேகப்பட்டான். சம்பூரணம் சாம்பாரை மாற்றி வைத்தாளே தவிர, திட்டியதாகக் காதில் விழவில்லை. திட்டாமல் இருக்கிறாள் என்றால் ஏதோ இருக்கிறது என்று இன்னும் வேகமாக ஈயம் பற்றவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வேலை முடிந்தது. ஆம்ப்ளிஃபயரில் ஒலி நுழையும் முனையில் பாட்டுக்குப் பதில் ஒரு மைக்கை மாட்டி மேசையில் வைத்தான்.

"சம்பு, இக்கட்ட வந்து உக்காரு. இதுல பேசு."

"என்னத்தைங்க பேசறது?"

"எப்பவும் பேசறதையே பேசு. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்க."

"செரிங்க. அப்படி நெனச்சுத்தானுங்க இத்தனை நாளாப் பேசிட்டு இருக்கறேன்," என்றாள் அவள். ஹெட்போனை இன்னும் மாட்டாததால் அவனுக்கு, "செரிங்க," என்று மட்டும் கேட்டது.

ஹெட்போனை மாட்டிச் சுவிட்சைத் தட்டினான். இரண்டு வால்வுகளுக்குள்ளும் கம்பி மெல்லச் செந்நிறமாகியது. "இசைவிலக்கு. அடங்குகிறேன்," என்று சொல்லிவிட்டுத் துகள் அணைந்தது.

மின்விசிறி கிறீச்சிட்டது. எங்கோ ஒரு குக்கர் விசில் அடித்தது. காக்கை இத்தனை கரகரப்பாகக் கத்தும் என்பதை மறந்தே போயிருந்தான். அப்புறம் சம்பூரணத்தின் குரல் வந்தது, கொஞ்சம் கம்மியபடி. எப்போதிருந்து அவள் குரல் இப்படி ஆனது? தெரியாமல் போனதே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

"என்னங்க பேச… மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வரச்சொல்லி இருக்கறனுங்க. உங்க பிரஷர் மாத்திரை பிரிட்ஜ் மேல இருக்குது, ஒரு வருசத்துக்கு வரும். நீலச் சட்டைக்குப் பொத்தான் வெச்சாச்சு. ராத்திரியில சோத்தைக் கொறைச்சுக்கங்க, நெஞ்சு கரிக்குதுன்னு அப்பறம் தூங்காமப் பொரளுவீங்க."

கண்ணை மூடிக் காத்திருந்தான். வசவு வரவில்லை. ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. இவ்வளவுதானா? இவளையா சந்தேகப்பட்டேன்? கண் கசிந்தது அவனுக்கு. இனி ஆயுசுக்கும் இவளைச் சந்தேகப்படுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்தான்.

ஆனால் சந்தேகம் வாடகைக்குக் குடியிருப்பவன் மாதிரி. ஒரு வீட்டைக் காலி செய்தால் அடுத்த வீட்டைப் பார்ப்பான். இடது காதில், அவள் குரலுக்கு அடியில், மெல்லிய ஓர் இரைச்சல் ஓடுவதுபோல இருந்தது. வலது காதில் அது இல்லை. திருமூர்த்தி தலையை ஒருபக்கம் சாய்த்தான்.

சம்பூரணம் அவனைப் பார்த்தாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் இப்படிக் கேட்டதில்லை. அவளுக்குத் தைரியம் வந்தது.

"சித்திரையில இருந்து சொல்லிட்டு இருக்கறனுங்க. செவ்வாய்க் கிரகத்துல விதைக்கிடங்கைப் பாத்துக்க என்னைக் கேட்டிருக்காங்கன்னு. நீங்களும் ஒவ்வொரு தடவையும் 'ம்'னுதான் சொன்னீங்க. கையெழுத்துப் போட்டேன், அதுக்கும் 'ம்'னீங்க. போனா ஆறு வருசமுங்க. வர்ற வெள்ளிக்கிழமை கெளம்பணும்."

இரைச்சல் எர்த் கொடுக்கும் பூமிக் கம்பியிலிருந்து வருகிறதோ? அந்தக் கம்பியைப் பற்றவைத்த அன்று கை கொஞ்சம் நடுங்கியது நினைவுக்கு வந்தது.

"எனக்குப் போறதுல சந்தோசம்தானுங்க. இல்லைன்னு சொல்லலை. ஆனா உங்க வாயால 'வேண்டாம், இரு'ன்னு ஒரே ஒரு வார்த்தை வந்துதுன்னா, இன்னைக்கே வேண்டாம்னு சொல்லிடுவேன். ஒரு தடவையாச்சும் அப்படிச் சொல்லுவீங்களான்னு பாத்துட்டே இருந்தேன்." அவள் மைக்கை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள். "சொல்லுங்க. போகட்டுங்களா?"

பூமிக் கம்பி இல்லை. இடது வால்வேதான். கிட்டுக்காரன் பழைய வால்வைத் தலையில் கட்டிவிட்டான்.

"ம்," என்றான் திருமூர்த்தி.

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"ம்."

அவன் காதில் எதுவும் குறுகுறுக்கவில்லை. துகள் அணைந்துதான் கிடந்தது.

சம்பூரணம் மைக்கை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு எழுந்து படுக்கையறைக்குப் போனாள். அவன் இரண்டு வால்வுகளையும் துணியால் பிடித்துக் கழற்றி இடம் மாற்றிச் செருகினான். அவை மறுபடி சூடானபோது இரைச்சல் வலது காதுக்குப் போயிருந்தது. தன் சந்தேகம் சரிதான் என்று அவனுக்கு நிறைவாக இருந்தது. உள்ளறையில் சூட்கேஸின் ஜிப் ஏறும் சத்தம் மைக் வழியாக வந்தது. அத்தனை தூரத்திலிருந்தும் அதன் பல் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறதே என்று திருமூர்த்தி மகிழ்ந்துபோனான்.