மூச்சு விடும் வேலை

மூன்றாம் மாடியில் சுவர் மறுபடியும் பழுத்திருந்தது.

அங்கயற்கண்ணி விரலால் தடவிப் பார்த்தாள். நேற்றுவரை மெத்தென்று பச்சையாக இருந்த இடம் இன்று மஞ்சளாகி, பொடிப்பொடியாக உதிர்ந்தது. விரலில் ஒட்டிய தூளை முகர்ந்தாள். உயிருள்ள பாசியில் மழை விழுந்த மண்ணின் வாசனை வரும். இதில் ஒன்றுமே வரவில்லை.

வெளியே ஒரகடத்து வெயில் நாற்பத்தாறு டிகிரி. ஆனாலும் தென்கடல் மின்கல ஆய்வு வளாகத்தின் ஆறு மாடிகளிலும் ஒரு குளிரூட்டிகூட ஓடவில்லை. குளிர்விக்கிற வேலையைச் சுவரே பார்த்துக்கொண்டது. ஒவ்வொரு அறையிலும் வெளிச்சுவரின் உட்புறம் அவள் வளர்த்தெடுத்த பாசி விரல் கனத்துக்குப் படர்ந்திருந்தது. அறையில் இருப்பவர்கள் விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவை அது தின்னும், ஈரத்தைக் குடிக்கும். குடித்த ஈரத்தைச் சுவரின் நுண்துளைகள் வழியாக வெளிப்பக்கம் வியர்த்துத் தள்ளும்போது அறையின் வெப்பத்தையும் கூடவே இழுத்துக்கொண்டு போய்விடும். மூச்சுச்சுவர் என்று அதற்குப் பெயர். ஒன்பது வருட உழைப்பு. கல்யாணம், சொந்த வீடு, பல் வைத்தியம் எல்லாவற்றையும் தள்ளிப் போட்டுவிட்டு அவள் பெற்றெடுத்த ஒன்று.

அது இப்போது செத்துக்கொண்டிருந்தது. மே மாதக் கடைசிக்குள் பாதிச் சுவராவது பச்சைக்குத் திரும்பாவிட்டால் எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டுப் பழைய குளிரூட்டிகளையே ஓட்டுங்கள் என்று தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. சுரண்டுகிற ஆட்களுக்குத் தேதிகூடக் குறித்துவிட்டார்கள்.

"உரம் வெச்சுப் பாத்தீங்களா மேடம்?" என்றார் பின்னால் வந்து நின்ற செபஸ்தியான். வளாகத்தின் பராமரிப்பு மேற்பார்வையாளர். இருபத்திரண்டு வருடம் குளிரூட்டி எந்திரங்களோடு குடித்தனம் நடத்தியவர். சுவர் வந்ததும் அவருடைய எந்திரங்கள் நின்றுபோயின. தன்மேல் கோபமாக இருப்பார் என்று அங்கயற்கண்ணி பயந்திருந்தாள். அவரோ மறுநாளே தண்ணீர்த் தெளிப்பானை எடுத்துக்கொண்டு பாசிக்குப் பணிவிடை செய்ய வந்துவிட்டார்.

"உரம், வெளிச்சம், தண்ணி, எல்லாம் பாத்தாச்சு. எனக்கு ஒண்ணும் புரியல செபஸ்தியான்."

"ஒரே ஒரு ரூம்ல மட்டும் காடு மாதிரி வளந்திருக்கு, பாத்தீங்களா? நாலாவது மாடியில. விடுப்பு விதிக் குழு உக்கார்ற ரூம்."

விடுப்பு விதிகளைத் திருத்தும் குழுவை வளாகத்தில் தெரியாதவர் கிடையாது. பன்னிரண்டு பேர், பதினான்கு மாதங்களாகத் தினமும் கூடுகிறார்கள்.

"இன்னும் ஒரு விதியைக்கூட மாத்தல. ஆனா சுவரு மட்டும் கொழுகொழுன்னு இருக்கு," என்று சிரித்தார் செபஸ்தியான்.

அங்கயற்கண்ணி சிரிக்கவில்லை. படிக்கட்டில் ஓடினாள்.

அந்த அறைக் கதவைத் திறந்ததும் புழுக்கமான, பலர் பேசிப் பேசி மிஞ்சிய காற்று முகத்தில் அடித்தது. சுவர் கரும்பச்சையாக மின்னியது. கதவருகே இருந்த, காற்றை அளக்கும் வளிமானியைப் பார்த்தாள். கரியமில வாயு வெளிக்காற்றில் இருப்பதைப்போல ஐந்து மடங்கு. அவளுக்கு அந்தக் காற்று பழக்கமானதாக இருந்தது. ஏன் பழக்கம் என்று யோசித்தபோதுதான் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

பாசியை உருவாக்கிய காலத்தில் ஆய்வுக்கூடத்தில் இடமில்லை என்று அவளுடைய குழுவுக்கு ஒதுக்கப்பட்டது ஒரு கலந்தாய்வு அறை. பதினோரு பேர் கதவைச் சாத்திக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம்வரை பாசியைப் பற்றி வாதாடினார்கள். அதே அறைச் சுவரில்தான் பாசியும் வளர்ந்தது. சனிக்கிழமைதோறும் எந்தத் துண்டு நன்றாகச் செழித்திருக்கிறதோ அதை வெட்டி அடுத்த தலைமுறைக்கு விதையாக வைத்தார்கள். நன்றாகக் குளிர்விப்பதைப் பொறுக்கி எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அவர்கள் முந்நூறு தலைமுறைகளாகப் பொறுக்கி எடுத்தது, கூட்டத்தில் மட்டுமே பிழைக்கத் தெரிந்த ஒரு பாசியை. மின்கல ஆய்வாளர்களோ ஆளுக்கோர் அறையில் ஆளுக்கோர் உலையோடு தனியாக வேலை செய்பவர்கள். ஒற்றை ஆளின் மூச்சு அந்தப் பாசிக்கு ஒரு வாய்க்குக்கூடக் காணாது.

இயக்குநர் தேசிகனிடம் அவள் எதையும் மறைக்காமல் சொன்னாள். தேசிகன் நல்ல மனிதர், கேட்டுக்கொள்வார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆக, நம்ம சுவருக்கு மீட்டிங் வேணும். அவ்வளவுதானே? அது நமக்குக் கை வந்த கலையாச்சே."

மறுநாளிலிருந்து வளாகத்தில் தனியாக யாரும் உட்காரக் கூடாது, ஓர் அறைக்குப் பதினோரு பேர் என்று ஆணை வந்தது. விளக்கணைப்பது பற்றி ஒரு கூட்டம், சென்ற கூட்டத்தின் குறிப்பைச் சரிபார்க்க ஒரு கூட்டம், கூட்டங்களைக் குறைப்பது எப்படி என்று மூன்று நாள் கருத்தரங்கு. சுவர்கள் துளிர்த்தன. ஆனால் உலைகள் அணைந்து கிடந்தன. பாதியில் விட்ட மின்கலங்கள் உப்பிப் போயின. கலந்தாய்வில் ஒரு கைகலப்புகூட நடந்தது.

இரண்டாவது வாரம் தேசிகன் அவளைக் கூப்பிட்டார். "அங்கயற்கண்ணி, சுவர் பச்சையாகுது, ஆய்வு காயுது. இதுக்கு மேல என்னால முடியாதும்மா. நாளையிலேருந்து எல்லாரும் அவங்கவங்க அறைக்குப் போகட்டும். கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு. வேற வழி ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க."

அவளுக்கு ஒரு வழியும் தெரியவில்லை. அழுகை வந்துவிடும்போல் இருந்ததால் வளாகத்தை விட்டு வெளியே நடந்தாள்.

மதியம் இரண்டு மணி. எதிரே தகரக் கூரை போட்ட பேருந்து நிறுத்தத்தில், காலணித் தொழிற்சாலையில் வேலை முறை மாறி வீட்டுக்குப் போகும் பெண்கள் நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். கூரையின் அனல் சாலையைத் தாண்டி வந்து தாக்கியது. ஒரு பெண் தரையில் சாய்ந்து கிடந்தாள். இன்னொருத்தி சாப்பாட்டு டப்பாவின் மூடியால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு வர்றதுக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆவும். இவ தாங்க மாட்டா," என்று விசிறியவள் யாரிடமென்று இல்லாமல் சொன்னாள். அவள் பெயர் ஜரினா என்று பின்னால் தெரிந்தது.

"தூக்குங்க. உள்ளே கொண்டுபோவோம்," என்றாள் அங்கயற்கண்ணி.

காவலாளி தடுக்க வந்தார். அவள் பார்த்த பார்வையில் விலகிக்கொண்டார். மயங்கியவளோடு ஜரினாவும், ஜரினாவோடு மற்ற எல்லோரும் வரவேற்புக் கூடத்துக்குள் வந்துவிட்டார்கள். குளிர்ந்த தரையில் உட்கார்ந்தார்கள். மயங்கியவள் கண் விழித்தாள். யாரோ மிக்சர் பொட்டலத்தைப் பிரித்தார்கள், பேச்சு கிளம்பியது.

அரை மணி நேரம் கழித்து அங்கயற்கண்ணி தற்செயலாக வளிமானியைப் பார்த்தாள். முள் ஏறியிருந்தது. பக்கத்துச் சுவரில் மஞ்சளுக்கு நடுவே, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு, பச்சை ஊறத் தொடங்கியிருந்தது.

"நாளைக்கும் வருவீங்களா?" என்று ஜரினாவிடம் கேட்டாள்.

"வந்து? இன்னா வேலை?"

"ஒரு வேலையும் இல்ல. சும்மா உக்காந்து மூச்சு விட்டாப் போதும்."

ஜரினா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அதத்தான் நாங்க நாப்பது வருசமா சும்மா உட்டுக்கினு இருக்கோம். வரோம், வரோம்."

அவர்கள் வந்தார்கள். அடுத்த நாள் அவர்களோடு ஆட்டோ ஓட்டுநர்கள் வந்தார்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வந்தார்கள், வீட்டுச் சுவர் கொதிக்கிறதென்று கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள். ஆய்வாளர்கள் தங்கள் அறையில் உலையோடு இருக்க, அதே அறையின் இன்னொரு பக்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார்கள். பேசப் பேசச் சுவர் கொழுத்தது. மே முப்பத்தொன்றாம் தேதி அளந்தபோது நூற்றுக்கு எண்பது பங்கு பச்சை. சுரண்ட வந்த ஆட்களும் பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு விட்டுவிட்டுப் போனார்கள். அங்கயற்கண்ணி கழிப்பறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆனந்தமாக அழுதாள்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவள் ஆய்வாளர் ஆயிற்றே, கட்டுரை எழுதாமல் இருக்க முடியுமா? கட்டுரைக்கு ஓர் அளவு வேண்டும். ஓர் ஆள் விடும் மூச்சால் சுவருக்குக் கிடைக்கும் பலத்திலிருந்து, அவர் பயன்படுத்தும் கருவிகளின் வெப்பம் சுவருக்குத் தரும் சிரமத்தைக் கழித்தால் வருவதற்குக் கொடை எண் என்று பெயர் வைத்தாள். ஜரினாவின் கொடை எண் ஒன்று. உலை வைத்திருக்கும் மின்கல ஆய்வாளருக்குக் கழித்தல் பதினொன்று. நுண்ணோக்கியும் பாசித் தொட்டிகளும் வைத்திருந்த அவளுக்கே கழித்தல் மூன்று. விருந்தாளிகள் எவ்வளவு முக்கியம் என்று காட்டத்தான் அந்த அட்டவணையைப் போட்டாள். அடுத்த வருடமும் அவர்களை உள்ளே விட வேண்டுமே என்ற கவலை அவளுக்கு.

கட்டுரையைத் தலைமையகம் வரிக்கு வரி படித்தது. கொடை எண்ணை வளாகத்தை மேற்பார்க்கும் கணிப்பொறியான வளாகக்காப்பானில் ஏற்றினார்கள். உலகத்திலேயே முதல்முறையாக, எடுப்பதைவிடக் கொடுப்பது அதிகமான ஆய்வு வளாகம் ஒன்று உருவாக இருந்தது. குறுக்கே நின்றது ஆய்வாளர்கள் மட்டும்தான்.

தேசிகன் தலைமையகத்தோடு இரண்டு மாதம் போராடிப் பார்த்தார், நடக்கவில்லை. மாடி மாடியாக ஆய்வாளர்களைச் சுங்குவார்சத்திரத்தில் பிடித்த ஒரு வாடகைக் கிடங்குக்கு மாற்றினார்கள். அங்கே வாடகைக் குளிரூட்டிகள் காது கிழிய இரைந்தன. கிடங்கு வளாகத்தின் மதிலுக்கு வெளியே இருந்ததால் அதை எந்த அளவிலும் சேர்க்கவில்லை. ஆனால் ஆய்வு வளாகம் என்று சொல்ல ஆய்வாளர்கள் இருக்க வேண்டுமே. அதனால் தினமும் வந்து உட்காருபவர்களுக்குச் சுவாச ஆய்வாளர் என்று அச்சிட்டுக் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். கடைசியாகக் காலியானது அங்கயற்கண்ணியின் மாடி.

கிடங்கில் ஐந்து மாதம் தாக்குப் பிடித்தாள். ஆறாவது மாதம் ஒரு நாள், சுவரைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்று புறப்பட்டு வந்துவிட்டாள்.

வாசலில் அட்டையைக் காட்டியதும் வளாகக்காப்பான் பணிவான குரலில், "கழித்தல் மூன்று. மன்னிக்கவும், அனுமதி இல்லை," என்றது.

செபஸ்தியான் ஓடி வந்தார். அவளைப் பார்த்ததும் அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "மேடம், அந்த அட்டையக் கழட்டிடுங்க. பைய என்கிட்ட குடுங்க, கணினி, போனு எல்லாத்தையும். வெறும் ஆளா வந்தா அது தடுக்காது."

வெறும் ஆளாக உள்ளே போனாள். வரவேற்புக் கூடத்தில் முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் கூரைவரை ஏறி, கூரையிலும் படர்ந்திருந்தது. மழை மண் வாசனை. ஒருத்தி கையசைத்துக் கூப்பிட்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். ஜரினா.

"இன்னா மேடம், இளைச்சுப் போய்ட்டீங்க. உக்காருங்க."

அவள் உட்கார்ந்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது, பசுமை விருதுக் குழுவை அழைத்துக்கொண்டு தேசிகன் வந்தார். ஐந்து விருந்தினர்கள். "இவங்க எல்லாரும் எங்க ஆய்வாளர்கள்," என்று கையை வீசிச் சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கயற்கண்ணியைக் கண்டதும் பாதி வாக்கியத்தில் நின்றார்.

குழுத் தலைவர் குனிந்து அன்பாகக் கேட்டார். "உங்க கழுத்துல மட்டும் அட்டை இல்லையேம்மா? நீங்க எந்தப் பிரிவு?"

உண்மையைச் சொன்னால் அடுத்த நொடியே வளாகக்காப்பான் அவளை வெளியேறச் சொல்லும். தேசிகன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"அவங்க புதுசு சார்," என்றாள் ஜரினா, பட்டென்று. "இன்னைக்குத்தான் சேந்துகிறாங்க. இன்னும் ஒழுங்கா மூச்சு உட வர்ல. நாங்க கத்துக் குடுத்துருவோம்."

குழுத் தலைவர் மகிழ்ச்சியோடு தலையாட்டி அதைக் குறித்துக்கொண்டார். தேசிகன் அவர்களை அடுத்த மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். படியேறும்போது ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

ஜரினா அவள் தோளில் கை வைத்து மெல்ல அழுத்தினாள். "பயப்படாதீங்க மேடம். தோள எறக்குங்க. அப்டித்தான். இப்ப மெதுவா உடுங்க."

அங்கயற்கண்ணி விட்டாள்.