ஒரு மணி நேர மருந்து

ஒன்றேகால் மணி நேரம் காணாமல் போயிருந்த மருந்துப் பை, ஆறாம் மாடித் தாழ்வாரத்தில் போர்வை அலமாரிக்குள் கிடைத்தது. வெளிச்சம் படாமலிருக்கப் போட்ட கறுப்பு உறை கலையவில்லை. ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனாலும் அதைக் கழிவில்தான் போட வேண்டும் என்றார் தலைமை நர்ஸ்.

"கரைச்ச ஒரு மணி நேரத்துக்குள்ள ஏத்தி முடிக்கணும் மேடம். அப்புறம் அதுல வீரியம் இருக்காது."

இன்ஸ்பெக்டர் காலி டிராலியைப் பார்த்தார். அதற்கு ஒரு பக்கம் நோயாளியின் அறைக் கதவு. மறுபக்கம் அலமாரி.

"டிராலியை விட்டுட்டு எங்க போனீங்க?"

"ரெண்டு பேர் சேர்ந்து பேரைப் படிச்சுச் சரிபார்த்துத்தான் இதை ஏத்தணும். இன்னொரு சிஸ்டரைக் கூப்பிடப் போனேன். திரும்பி வந்தா பையைக் காணோம்."

"அப்படி என்ன மருந்து அது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"செல்லுக்குள்ள டி.என்.ஏ. ரெண்டு இழையா இருக்குல்ல, அதுல போய் முடிச்சுப் போட்டுடும். முடிச்சு விழுந்தா செல் பிரிய முடியாது. செத்துடும்."

"புற்றுநோய் செல் மட்டும்தானே?"

"அப்படி ஆள் பார்த்துப் பிடிக்கத் தெரிஞ்சா நாங்க ஏன் பயப்படறோம்? முடி, வாய், குடல்னு எங்கேயும் கைவைக்கும். டாக்டர் எல்லாத்தையும் பேஷன்ட்கிட்டச் சொல்லிட்டார். வீட்டுக்காரரும் கூட இருக்கட்டும்னார். அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க."

"ஒரு நாள் தள்ளிப் போனா?"

"நாளைக்கு வேற பை வந்துடும். ஒரு நாள்னா தாங்கும். அதுக்கு மேல இழுக்கக் கூடாது."

கீழே காவலர் அறையில் செக்யூரிட்டி ஆபீசர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார்.

"புருஷன்காரன்தான் மேடம். துணிப்பையோட லிஃப்ட்ல இறங்குறான், ஏறுறான். பையோட அடி நனைஞ்சிருக்கு. விலை உயர்ந்த மருந்து. விக்கப் பார்த்திருக்கான், ஆள் கிடைக்கல, அலமாரியில போட்டுட்டான். சாயங்காலத்துக்குள்ள ஸ்டேஷனுக்கு அனுப்பிடலாம்."

கணவர் தையல்காரர். வேலையிலிருந்து அப்படியே வந்தவர்போல, கழுத்தில் இஞ்சு டேப் தொங்கியது.

"பையில என்ன இருந்துச்சு?"

"ஐஸ் மேடம். ஒரு டம்ளர் பத்தாது, இன்னும் வேணும்னு சிஸ்டர் சொன்னாங்க. கேன்டீன்ல கெஞ்சி வாங்கினேன்."

"அது எங்க?"

"சார் என்னைப் பிடிச்சு உட்கார வச்சதுல கரைஞ்சு போச்சு. பாதி அவர் பேன்ட்லதான் இருக்கும்."

செக்யூரிட்டி ஆபீசர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"நான் போய் அந்த மருந்தைத் திருடுவேனா மேடம்? இது முடிஞ்சு ரெண்டு வருஷம் போனதும் ஒரு பாப்பான்னு பேசி வச்சிருக்கோம். முதல் சட்டைக்குத் துணிகூட எடுத்து வச்சாச்சு. அளவு கொடுக்கத்தான் ஆள் இன்னும் வரல."

இன்ஸ்பெக்டர் எழுந்தார். மேலே வந்தார்.

நோயாளிக்கு முப்பது வயது இருக்கும். தலையில் பூப்போட்ட துணித் தொப்பி. தையல் மிக நுணுக்கமாக இருந்தது. மேசையில் முக்கால் டம்ளர் தண்ணீர். பக்கத்தில் துடைத்து வைத்தது போல் ஒரு ஸ்பூன்.

"அவரை விட்டுட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் வெளியே வந்து தலைமை நர்ஸை அழைத்தார்.

"ஐஸ் எதுக்கு சிஸ்டர்?"

"வாய் சில்லுனு இருந்தா ரத்தக் குழாய் சுருங்கும். மருந்து அங்க கம்மியாப் போகும். இல்லன்னா வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட முழுங்க முடியாது. மருந்து வந்தாச்சு, இப்பவே வாயில போட ஆரம்பிங்கன்னு டம்ளர் நிறையக் கொடுத்துட்டுத்தான் நான் போனேன்."

"பையைக் காணோம்னு அவங்களுக்கு எப்பச் சொன்னீங்க?"

"அரை மணி கழிச்சு. பயந்துடுவாங்கன்னு முதல்ல சொல்லல."

இன்ஸ்பெக்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் மருந்து ஏறப்போகுதுன்னு நம்பினார். அதனால ஐஸ் தேடி ஓடினார். எடுத்தவர் அவரா இருந்தா ஓட வேண்டியதில்ல. நீங்க அரை மணி நேரம் டம்ளர் முழுக்க ஐஸைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஸ்பூனைக்கூட நனைக்கல. மருந்து வராதுன்னு அப்ப நர்ஸுங்களைத் தவிர இந்த மாடியில தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

அவள் அந்த ஸ்பூனைத் தள்ளி வைத்தாள்.

"அவரை விட்டுடுங்க. கதவைத் திறந்தேன், பை கைக்கெட்டின தூரத்துல இருந்துச்சு. யார் மேலயும் சிந்திடக் கூடாதுன்னு பத்திரமாத்தான் வச்சேன்."

"சிகிச்சை வேண்டாமா?"

"வேணும். நாளைக்கு ஏத்திக்குவேன். இன்னும் ஒரே ஒரு ராத்திரி வேணும்னு இருந்துச்சு."

"எதுக்கு?"

"ராத்திரி விளக்கை அணைச்சதும் இந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து அவர் பேசுவார். யார் சாடை இருக்கும், யார் தூங்க வைக்கிறதுன்னு. அதை இன்னொரு தடவை கேக்கணும். சொல்லிட்டா அப்புறம் அவர் பேசவே மாட்டார்."

"என்ன சொல்லிட்டா?"

அவள் தலையை அசைத்தாள். "முதல்ல அவர்கிட்டத்தான் சொல்லணும் மேடம்."

இன்ஸ்பெக்டர் கீழே போன் போட்டு அவரை விடச் சொன்னார். தையல்காரர் மூச்சிரைக்க வந்தார்.

"என்ன மொட்டை, ஒரு நாள் தனியா விட்டா போலீசையே வரவழைச்சிடுவ போலிருக்கே?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். இன்ஸ்பெக்டர் எழுந்து கதவுப் பக்கம் நடந்தார்.

"இப்படி உட்காருங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் நடுவுல எதுவும் சொல்லாதீங்க."

அவர் உட்கார்ந்தார்.

"இந்த மருந்து ஏறினதுக்கப்புறம் எனக்குக் குழந்தை பிறக்காதுங்க."