உள்ளங்கைக் காஜா

உள்ளங்கையில் அறுவை சிகிச்சை முடிந்து தையல்காரியை வார்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தபோது மதியம். மரப்பு ஊசியால் வலது கை தோள்வரை செத்துக் கிடந்தது. நர்ஸ் அதைத் தலையணைமேல் தூக்கி வைத்தாள்.

“கை நெஞ்சுக்கு மேலயே இருக்கணும்க்கா. மரப்பு விட்டதும் வலி பிச்சு எடுத்துடும். ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை எழுதியிருக்காரு.”

“அது மட்டும் வேண்டாம் சிஸ்டர். சாதா மாத்திரையும் ஐஸும் போதும். பல்லைக் கடிச்சுக்கிறேன்.”

“கடிங்க. பல் டாக்டர் கீழ் மாடியிலதான் இருக்காரு.”

“அது என் தம்பியைத் தின்ன மாத்திரை. ஒரே ரத்தம், என்னையும் விடாது.”

நர்ஸ் சாதா மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஐஸ் எடுக்கப் போனாள்.

கால் முறிந்தபோது வலிக்கென்று தம்பி அந்த மாத்திரையை ஆரம்பித்தான். கால் கூடியது, விந்தி நடப்பது மட்டும் மிச்சம். மாத்திரை போகவில்லை. அவன்தான் போனான்.

கடையில் அவள் சட்டை தைக்க, அவன் காஜா எடுப்பான். பட்டன் துளையின் விளிம்பு பிரியாமல் சுற்றிலும் நெருக்கமாக அவன் போடும் தையலுக்கு ஈடே கிடையாது.

மரப்பு விட்டது.

உள்ளங்கையில் கொதிக்கும் இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. சாதா மாத்திரை எந்த மூலைக்கு? தலையணை உறையைக் கடித்தாள். சுவரைப் பார்த்தாள். செத்தால் தேவலை என்றிருந்தது.

திரைக்கு அப்பால் செருப்புச் சத்தம்.

ஒரு கால் மட்டும் இழுபட்டது.

துணியில் கோடு போடும் சாக்கட்டியின் வாசனை. கட்டுக்குள் சில்லென்று ஏதோ பரவ, வலி அடங்கியது.

“நல்ல நேரத்துல ஐஸ் வச்சீங்க சிஸ்டர்.”

“ஒண்ணே ஒண்ணு போட்டுக்கோக்கா.”

அது நர்ஸின் குரல் இல்லை.

“வேண்டாம்டா,” என்றாள், கண்ணைத் திறக்காமல். “உன் கால்ல விழறேன்.”

“வலிக்காமப் பண்றேன்.”

கட்டுக்குள் ஊசி இறங்கியது. ஏறியது. இறங்கியது.

வலிக்கவே இல்லை.

திரை விலகியது. நர்ஸ் ஐஸ் பையோடு நின்றாள். “லேட்டாயிடுச்சுக்கா. இப்பதான் ஃப்ரீசர்லேருந்து எடுத்தேன்.”

“கட்டைப் பிரிங்க சிஸ்டர். பிரிங்க.”

அவள் அழுத அழுகையில் டாக்டரே வந்து பிரித்தார். பிரித்தவர் கை நின்றது.

“நான் காயத்தை மூடித்தானே தச்சேன்? இது யார் வேலை?”

அவளுக்குத் தெரிந்தது. காயம் மூடப்படவில்லை. விளிம்பு பிரியாமல், சுற்றிலும் நெருக்கமாக, அழகான காஜா.

துளைக்குள் வெள்ளையாக, வட்டமாக ஒன்று செருகியிருந்தது.

டாக்டர் இடுக்கியால் எடுத்தார். பட்டன் இல்லை.

பாதி கரைந்துவிட்டிருந்தது.